காதில் ஒன்றும் இல்லை

என் டைவிங் லாக் புத்தகத்தின் முப்பத்தோராவது பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரே ஒரு வரி இருக்கிறது. "ஜேம்ஸ் ஈகன் லேன். 19 மீட்டர். 14 நிமிடம். காது." கடலில் மூழ்கிய ஒரு கப்பலின் பெயர், ஆழம், நேரம், நிறுத்திய காரணம். மற்ற பக்கங்கள் இப்படி இருக்காது. பார்த்த மீன், பார்க்காத மீன், படகில் யார் வாந்தி எடுத்தார்கள், திரும்பும் வழியில் என்ன சாப்பிட்டோம் என்று ஓரமெல்லாம் கிறுக்கி வைத்திருப்பேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. கிளப்பில் யாரும் எட்டிப் பார்த்துப் படித்துவிட முடியாது, அவ்வளவுதான். என்னைத் தவிர யாரும் படிக்கப்போகாத அந்தப் புத்தகத்திலேயே ஒரு பொய் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு என் காதில் ஒன்றும் இல்லை.

2018 மே மாதம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இருக்கும் பிளிமத்துக்கு வந்து நான்காவது வருடம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வேலை. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் நோயாளியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து, "மெதுவா, நல்லா இழுத்து மூச்சு விடுங்க, பயப்பட ஒண்ணுமில்ல" என்று ஒரு நாளைக்கு ஆறேழு தடவை சொல்வேன். அப்படிச் சொல்கிறவளுக்கு அன்று நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டைவிங்கில் ஒருவரோடு ஒருவர் இணைந்துதான் இறங்க வேண்டும். அந்தத் துணைக்கு இங்கே பெயர் buddy, அதை 'படி' என்பதற்கும் 'பட்டி' என்பதற்கும் நடுவில் ஏதோ ஒரு மாதிரி உச்சரிக்கிறார்கள். தமிழில் எழுதினால் ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர் போலத் தெரிகிறது. நான் கூட்டாளி என்றே எழுதுகிறேன். அன்று என் கூட்டாளி அறுபத்தாறு வயதுப் பெரியவர். டெவன்போர்ட் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் இருபது வயதுப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. பெயரும் சொல்லாமல் முறையும் சொல்லாமல், "இங்க பாருங்க" என்ற தொனியிலேயே இரண்டு வருடம் பேசிச் சமாளித்திருக்கிறேன்.

ஆழமில்லை என்ற சொல்

ஜேம்ஸ் ஈகன் லேன் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கப்பல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டித் தள்ளிய இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் லிபர்ட்டி சரக்குக் கப்பல்களில் ஒன்று. 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி இறந்த ஓர் எஞ்சினியரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயர் தாங்கிய கப்பலையும் 1945 மார்ச் 21 அன்று இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது. வேல்ஸின் பேரி துறைமுகத்திலிருந்து பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்கு அமெரிக்க ராணுவத்தின் எஞ்சினியரிங் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு போனபோது. போர் முடிய ஏழு வாரம்கூட இல்லை. எப்படியாவது காப்பாற்றலாம் என்று விட்சாண்ட் விரிகுடா வரை இழுத்து வந்தார்கள், அங்கே தரைதட்டி உட்கார்ந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. அதனாலோ என்னவோ, மற்ற மூழ்கிய கப்பல்களைப் பற்றிப் பேசும்போது வரும் ஒரு தாழ்ந்த குரல் இதற்கு வருவதில்லை. செல்லமாகத்தான் பேசுவார்கள். முன்பெல்லாம் அதன் பாய்மரக் கம்பம் தண்ணீருக்கு மேலே தெரியுமாம்.

கடல் தரை இருபது மீட்டரைச் சற்றுத் தாண்டும். முன்பக்கம் இன்னும் நிமிர்ந்து நிற்பதால் அதன் உச்சியை எட்டு மீட்டரிலேயே தொட்டுவிடலாம். ஆகவே கிளப்பில் வசந்த காலத்தின் முதல் கடல் டைவுக்கு இதைத்தான் சொல்வார்கள். "ஆழமே இல்ல, ஜாலியா போயிட்டு வரலாம்."

இந்த 'ஆழமே இல்ல' மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. கடல்மட்டத்தில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் அது இரண்டாகிறது. இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பதிலிருந்து இருபதுக்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. பத்திலிருந்து மேல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காகிவிடுகிறது. உடம்பைச் சுற்றியிருக்கும் காற்று அதிகமாக ஆட்டம் போடுவது ஆழத்தில் இல்லை, ஆழமில்லாத இடத்தில்தான். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால்கூட நுரையீரல் கிழியலாம். நீச்சல்குளத்து ஆழம் அது.

வெதுவெதுப்பான கடலில் நீச்சலுடையோடு இறங்குகிறவர்களுக்கு நுரையீரலும் மேலங்கிக் காற்றுப்பையும்தான் கவலை. மே மாதத்து இங்கிலீஷ் கால்வாயில் தண்ணீர் பதினோரு டிகிரி. தண்ணீர் உள்ளே புகாத ட்ரை சூட் இல்லாமல் முடியாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் இறுகப் பிடிக்கும், உள்ளே கம்பளி உடை, அதற்கும் சூட்டுக்கும் நடுவில் காற்று. அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அந்தக் காற்றுதான் ஆளையும் கவிழ்க்கிறது. இறங்க இறங்க அது சுருங்கி சூட் உடம்பைக் கவ்வும், நெஞ்சிலிருக்கும் வால்வை அமுக்கி இன்னும் காற்று விட வேண்டும். ஏறும்போது தோளில் இருக்கும் வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். தலைகீழாகிவிட்டால் காற்று கால் பக்கம் போய்விடும், அங்கே வால்வு கிடையாது.

என் ட்ரை சூட் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. புதிதாக வாங்கினால் விலை அதிகம். கிளப்பை விட்டுப் போன ஓர் ஆண் விற்றுவிட்டுப் போனது. கழுத்து ரப்பரை மாற்றிவிட்டேன். சூட்டோடு ஒட்டியே இருக்கும் பூட்ஸை மாற்ற முடியவில்லை. என் கால் ஐந்து, பூட்ஸ் ஒன்பது. மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஊரில் பெரிய செருப்புக்குப் பஞ்சு வைக்கிற புத்திதான்.

பதினான்கு நிமிடம்

காலை எட்டு மணிக்குத் துறையில் ஆறு பேர். தோட்டைக் கழற்றி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி (ரப்பருக்கு அடியில் சங்கிலி மாட்டினால் அந்த வழியே தண்ணீர் இறங்கும், ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகம் கண்முன் வரும்), கழுத்து ரப்பரின் உட்பக்கம் பவுடர் தட்டி, மூச்சுத் திணறத் தலையை நுழைத்தேன். இடுப்பில் பதினான்கு கிலோ ஈயம். பிளிமத் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி, ரேம் முனையில் குன்றின் மேல் தனியாக நிற்கும் பழைய சாப்பலைச் சுற்றிக்கொண்டு ரப்பர் படகு விரிகுடாவுக்குள் போனது.

கப்பலுக்கு நேரே எடை கட்டிய கயிறு ஒன்றைப் போட்டு, மேலே மிதவையைக் கட்டுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். மே மாதத்தில் கடலில் நுண்பாசி பூக்கும். தண்ணீர் பச்சைப்பயறு வேகவைத்த நீர் போல இருந்தது. நான்கு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காது இரண்டு தடவை 'டப்' என்று திறந்தது, சுகமாக. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சுவர். பச்சையிலிருந்து பிரிந்து முன்னால் வந்து நின்றது. கோயில் மதிலுக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது. இரும்பே தெரியாத அளவுக்கு வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் சாமந்திகள், தடித்த தண்டின் நுனியில் பஞ்சுக் குஞ்சம் போல. நடுநடுவே 'செத்தவன் விரல்' என்று இங்கே சொல்கிற வெளிறிய மென்பவளம். பெயருக்கேற்ற மாதிரியே இருக்கும். பெரியவர் டார்ச்சால் தகடும் தகடும் சேரும் ஒரு கோட்டைக் காட்டினார். ஆணி அடிக்காமல் வெல்டிங் வைத்துச் சேர்த்த கப்பல். எழுபத்து மூன்று வருடமாகத் தண்ணீரில் கிடந்தும் பிரியாத அந்தக் கோட்டை விரலால் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மாஸ்க்குக்குள் கண்ணடிப்பது நன்றாகவே தெரிகிறது.

பக்கத் தகடுகள் விழுந்து வெறும் விலா எலும்புகளாக நிற்கும் இடம் வழியாக உள்ளே போனோம். உள்ளே என்றாலும் மேலே கூரை இல்லை, தளங்கள் எப்போதோ சரிந்துவிட்டன. பாசி வெளிச்சம் கம்பிகளுக்கு நடுவே வரிவரியாக இறங்கியது. கோடு போட்ட மீன் கூட்டமொன்று அசையாமல் அந்தரத்தில் நின்றது. கீழே சேற்றில் பாதி புதைந்து வண்டிச் சக்கரம் போல ஒன்று. அதைக் கிட்டப் பார்க்க வேண்டும் என்று தலையைக் கீழே சாய்த்தேன்.

கால் தன் பாட்டுக்கு மேலே போனது. பூட்ஸ் இரண்டும் பலூன் போல உப்பிக்கொண்டு இடுப்பை இழுத்தன. காலில் மாட்டிய நீச்சல் துடுப்புகளில் ஒன்று பாதி கழன்றுவிட்டது. கையால் சேற்றைத் துழாவினேன், கிடைத்த இரும்பைப் பிடித்தேன், மிச்சமிருந்த துடுப்பால் உதைத்தேன். கப்பலுக்குள் இருந்த புழுதி மொத்தமும் கிளம்பிவிட்டது. டார்ச்சைத் திருப்பினால் பழுப்புச் சுவர். பெரியவர் இல்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும், தையல் மிஷின் ஓட்டுகிற மாதிரி.

மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. கரியமில வாயு சேருவதால் வருவது. தியேட்டரில் நாள் முழுக்க அந்த எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. பத்தொன்பது மீட்டரில் இழுக்கும் காற்று கிட்டத்தட்ட மூன்று மடங்கு அடர்த்தி. வேகவேகமாக மேலோட்டமாக இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது. வெளியே போகாததால் இன்னும் வேகமாக இழுக்கத் தோன்றும். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஒரு கை வந்து என் தோள்பட்டைப் பட்டையைப் பிடித்தது. இன்னொரு கை முழங்காலை மடக்கி என்னை உருட்டியது. ஒரு குட்டிக்கரணம். கால் கீழே, தலை மேலே. தோள் வால்வு வழியாக 'புஸ்' என்று காற்று போனது. துடுப்பை மாட்டிவிட்டார். புழுதிக்கு வெளியே என்னை நகர்த்தி, என் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் அழுத்த மீட்டரைத் திருப்பிப் பார்த்தார். நூற்று நாற்பது பார், ஏராளம். மூச்சு ஒழுங்குக்கு வந்தது. அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினார். எல்லாம் சரியா?

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் வளையம் காட்டியிருக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினேன்.

நம் ஊரில் கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ். தண்ணீருக்கடியில் அதற்கு ஒரே அர்த்தம்: போதும், மேலே போகலாம். அதைக் கேட்பது விண்ணப்பம் இல்லை, உத்தரவு. எந்த டைவையும், யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் முடித்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது. பெரியவர் அரை நொடிகூடத் தயங்கவில்லை. தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பினார். கயிற்றைப் பிடித்து ஏறினோம். பாதுகாப்புக்காக ஆறு மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடத்தில்தான் பொய்யைத் தயார் செய்தேன்.

படகில்

படகோட்டி கையைக் கொடுத்து இழுத்துப் போட்டதும் கேட்டார், "என்னாச்சு?" அதட்டல் இல்லை, அக்கறைதான். "காது," என்றேன். "காது அடைச்சுக்கிச்சு."

காது அடைப்பது இறங்கும்போது. பத்தொன்பது மீட்டரில் கால் மணி நேரம் சுகமாகச் சுற்றிய காதுக்குத் திடீரென்று ஒன்றும் வராது. இது எனக்குத் தெரியும், படகோட்டிக்குத் தெரியும், நாற்பது வருடமாக டைவ் செய்கிற பெரியவருக்கு நிச்சயம் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். பொறுப்பாளர் தாளில் 'பாதியில் நிறுத்தம், காது' என்று எழுதிக்கொண்டார்.

பொய்யின் விலை அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. இரண்டாவது டைவ் பக்கத்திலேயே இருக்கும் ஸ்கில்லா. போர்க்கப்பல். 2004 மார்ச் 27 அன்று வெடி வைத்து வேண்டுமென்றே மூழ்கடித்தது, மீன்களும் டைவர்களும் பிழைக்கட்டும் என்று. டெவன்போர்ட் தளத்தில் கட்டிய கடைசி ஃபிரிகேட் அதுதான். பெரியவர் பதினாறு வயதில் தொழில் பழக அங்கே சேர்ந்தபோது கட்டிக்கொண்டிருந்த கப்பல். ஹெலிகாப்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் அவர் வைத்த ஒரு வெல்டிங் சரியில்லை என்று மேஸ்திரி இரண்டு தடவை தேய்த்தெடுக்கச் சொல்லி, மூன்றாவது தடவை வைத்த இடம் ஒன்று இருக்கிறதாம். அதை எனக்குக் காட்டுவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காது கோளாறு என்றால் அன்றைக்கு மறுபடி இறங்க முடியாது. அது விதி. பயம் என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து, டீ குடித்து, கயிற்றைப் பிடித்தபடியே இறங்கிப் பார்த்திருக்கலாம். மற்றவர்கள் பெரியவரைக் கூப்பிட்டார்கள், "எங்களோட மூணாவது ஆளா வாங்க." "வேணாம், போயிட்டு வாங்க," என்றார். என்னோடு படகில் உட்கார்ந்து, அந்த வெல்டிங்கைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். வலிக்காத காதை.

அடுத்த வருடம் இதய மருத்துவர் அவருக்கு டைவிங் கூடாது என்றுவிட்டார். ஸ்கில்லாவுக்கு நான் பிறகு நான்கு தடவை போயிருக்கிறேன். கொட்டகைப் பக்கம் எத்தனையோ கோடுகள். எது அவருடையது என்று யாருக்குத் தெரியும்?

கௌரவமான உறுப்பு

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் கிளப்பில் எத்தனை பேருக்குக் காது வலிக்கிறது! அலை பெரிதாக இருக்கும் நாளில், தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாளில், புதுக் கூட்டாளி கிடைத்த நாளில் எல்லாம் காது. மாஸ்க் ஒழுகுவதும் உண்டு. ஆனால் மாஸ்க் ஒழுகினால் சரிசெய்யத் தெரியாதா என்று ஒரு சொல் வரும், காதுக்கு அது வராது. காது நம் கட்டுப்பாட்டில் இல்லாத உறுப்பு, யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்று வலி இருந்த மாதிரி.

மன்னார் முத்துக்குளிப்பில் மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில். கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும், காரணம் கேட்க நேரமில்லை. மேலே வந்த பிறகு கேட்டானா, கேட்டால் இவன் என்ன சொன்னான் என்பதைப் பற்றிக் கதையில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த இடம்தான் வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது என்ற விதி தண்ணீருக்குள் மட்டும்தான் செல்லுபடியாகிறது. தலை வெளியே வந்ததும் அன்பான குரலில் 'என்னாச்சு' வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியே வேண்டாம் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. பிரிட்டிஷ் சப் அக்வா கிளப் வருடாவருடம் விபத்து அறிக்கை வெளியிடுகிறது. யார் பெயரும் இல்லாமல், எங்கே எது தவறியது என்று மட்டும். குளிர்காலத்தில் உட்கார்ந்து அதைப் படிப்பது எங்களுக்கு ஒரு சடங்கு. அது முழுக்க 'என்னாச்சு' என்ற கேள்விக்கு யாரோ உண்மையைச் சொன்னதால் வந்த பக்கங்கள். நான் அன்று சொன்ன காதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கே இல்லை. அடுத்த மூன்று வருடம் தலையைக் கீழே சாய்க்காமலே டைவ் செய்துகொண்டிருந்தேன், பிரச்சினை என் மனதில்தான் என்று நம்பிக்கொண்டு.

போன மாதம் பெரியவருக்குப் போன் செய்தேன். ஏன் இத்தனை வருடம் கழித்து என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பக்கம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். "அன்னைக்குக் காதுக்கு ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன். எல்லாம் சரியான பிறகு பயந்துட்டேன்," என்றேன். "தெரியும்," என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்து மன்னிப்பது போல ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அந்த பூட்ஸ் என்ன சைஸ்?" என்றார்.

"ஒன்பது."

"உன் கால்?"

"ஐந்து."

போனில் ஒரு நீளமான சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா தெரியவில்லை. "அவ்வளவு காலி இடம் இருந்தா காத்து அங்கதானே போகும். கணுக்கால்ல இறுக்கி ஒரு பட்டை கட்டியிருந்தா போதும். படகுலயே கட்டி விட்டிருப்பேன். சொல்லியிருக்கலாம்ல?"

போனை வைத்துவிட்டு லாக் புத்தகத்தை எடுத்தேன். 'காது' என்பதில் கடைசி எழுத்தை மட்டும் அழித்து 'ல்' போட்டேன். கால். அது பாதிதான் என்று தோன்றியது. பக்கத்தில் எழுதினேன்: "பூட்ஸ் 4 சைஸ் பெரிது. தலைகீழானேன். திருப்பிவிட்டார். அதற்குப் பிறகும் பயந்தேன். ஸ்கில்லா போகவில்லை."